நகராத ஆசனமும் வீணாய்ப் போன சல்லியும்

சரக்கு வாங்கும்போது நாம் பத்துத் தடவை புரட்டிப் பார்ப்போம். சாறன் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். அரிசி என்றால் ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்ப்போம். ஆனால் வாகனம் பழுதாகிவிட்டால் நமது முதல் கேள்வி, "என்ன சாமான் மாற்ற வேண்டும்?" என்பதுதான். "என்ன பழுது?" என்று நாம் கேட்பதே இல்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் 44,000 ரூபாவை வீணாக்கினேன். அதைவிடப் பெரிய ஆபத்தில் இருந்தும் மயிரிழையில் தப்பினேன். வாசகர்களாவது அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. காத்தான்குடியில் புடவை வியாபாரம் செய்பவன். ஓ.எல். வரை படித்தவன். இங்கே எழுதியிருப்பவை பட்டும் கேட்டும் அறிந்தவை.

நடந்தது என்ன?

2023ஆம் ஆண்டு, நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்னர் நடந்தது இது. பெருநாள் சரக்கு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போக வேண்டும். என்னுடைய ஜீப் ஜப்பானில் பாவித்து இறக்குமதியானது. சாரதி ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்த, உயர்த்த, சாய்க்க எல்லாவற்றுக்கும் பொத்தான்தான். இதைத்தான் பவர் சீட் என்கிறார்கள். முதல் நாள் என் தம்பி அதை வாழைச்சேனைக்குக் கொண்டு போய் வந்தார். அவர் ஆறடி ஆள். சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி ஓட்டியிருக்கிறார். நானோ ஐந்தடி நான்கு அங்குலம். விடியற்காலையில் ஏறி இருந்து பொத்தானை அழுத்துகிறேன், சீட் அசையவில்லை.

சரக்கு எடுக்கும் நாள் தவறக் கூடாது என்ற அவசரம். வீட்டில் இருந்த இரண்டு தலையணைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கொண்டு புறப்பட்டேன். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். வெலிக்கந்தைப் பக்கம் மாட்டுக் கூட்டம் ஒன்று திடீரென்று வீதிக்கு ஏறியது. பலம் கொண்ட மட்டும் பிரேக்கை மிதித்தேன். நான் மிதிக்க மிதிக்க முதுகு தலையணைக்குள் புதைகிறது, கால் பின்னுக்கு வருகிறது, பிரேக் முழுமையாக இறங்கவில்லை. கடைசி மாட்டின் வாலுக்கும் என் பம்பருக்கும் இடையில் ஒரு முழம் கூட இருக்கவில்லை. வீதியோரத்தில் நிறுத்தி வெகுநேரம் அப்படியே இருந்தேன். சீட் நகராதது சொகுசுப் பிரச்சினை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பிரேக்கின் பிரச்சினை என்பது அப்போதுதான் விளங்கியது.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, பாவித்த உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றுக்குச் சென்றேன். "சீட் முன்னுக்குப் பின்னுக்குப் போகும் மோட்டர் வேண்டும்" என்று கேட்டேன். மோட்டர்தான் பழுது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்து கொண்டேன். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படாதிருந்த காலம். உதிரிப்பாகங்கள் நெருப்பு விலை. மோட்டருக்கு 38,000 ரூபா கொடுத்தேன். ஊருக்கு வந்து ஒரு கராஜில் பூட்டக் கூலி 6,000. பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினால் சீட் பழையபடியே கல்லாக இருக்கிறது. கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "பில்லின் அடியில் பாருங்கள்" என்றார்கள். விற்ற மின்சாரச் சாமான் திருப்பி எடுக்கப்படாது என்று அச்சடித்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. கேட்டதைக் கொடுத்தார்கள். கராஜ்காரரும் சொன்னதைச் செய்தார். பிழை என்னுடையது.

பிறகு வாகன வயரிங் வேலை செய்யும் ஒரு இளைஞரைக் கூப்பிட்டேன். அவர் எந்தச் சாமானையும் கழற்றவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். ஒரு சிறிய பல்பையும் ஒரு மீற்றரையும் வைத்து அரை மணித்தியாலம் தேடினார். பிறகு தடித்த வயர் ஒன்றின் ஒரு முனையைச் சீட்டுக்கு அடியில் ஓரிடத்திலும் மறுமுனையைக் கதவோரத்துச் சுத்தமான இரும்பிலும் பிடித்துக் கொண்டு, "காக்கா, இப்ப அமத்துங்க" என்றார். அழுத்தினேன். சீட் முன்னுக்கு வந்தது.

"மோட்டர்ல ஒரு குறையும் இல்ல காக்கா. எர்த்துதான் இல்ல" என்றார். கழற்றி வைத்திருந்த பழைய மோட்டரையும் பெட்டரியில் கொடுத்துக் காட்டினார். அதுவும் சுழன்றது. கார்ப்பெட்டைத் தூக்கினால், எர்த் வயரைப் பூட்டியிருந்த போல்ட் துருவேறி, வயர் முனை பச்சை பூத்துப் போயிருந்தது. காரணமும் நான்தான். இரண்டு மாதங்களுக்கு முன் கொழும்பு முதலாளிமாருக்குக் கொடுப்பதற்காக நம்மூர் வாவி இறாலை ஐஸ் போட்டு ரிஜிபோம் பெட்டியில் கொண்டு போனேன். பெட்டி இருந்தது சாரதி ஆசனத்துக்குப் பின்னால். ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியால் ஓடியிருக்கிறது. சுரண்டிச் சுத்தம் செய்து, புது முனை அடித்துப் பூட்ட அவர் எடுத்தது 2,500 ரூபா.

பவர் சீட் எப்படி வேலை செய்கிறது?

விடயம் பெரிய இரகசியம் அல்ல. பெட்டரியில் இருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் முதலில் பியூஸ் ஒன்றைக் கடக்கிறது. சில வாகனங்களில் பியூஸுக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ, சூடேறினால் தானாக நின்று ஆறியதும் தானாகச் சேரும் சேர்க்கிட் பிரேக்கர் இருக்கும். அங்கிருந்து சீட்டின் பக்கத்தில் உள்ள சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சில் இருந்து மோட்டருக்குப் போகிறது. மோட்டரைக் கடந்த மின்சாரம் எர்த் வயர் மூலம் வாகனத்தின் இரும்பு உடலுக்கு வந்து, அதன் வழியே பெட்டரிக்குத் திரும்புகிறது. இந்த வட்டத்தில் எந்த இடம் அறுந்தாலும் மோட்டர் சுழலாது.

ஒரே மோட்டர்தான் முன்னுக்கும் பின்னுக்கும் சுழல்கிறது. பொத்தானை ஒரு பக்கம் தள்ளும்போது மோட்டரின் ஒரு வயருக்கு மின்சாரமும் மற்றதற்கு எர்த்தும் கிடைக்கிறது. மறுபக்கம் தள்ளினால் இரண்டும் மாறுகின்றன, மோட்டர் எதிர்த் திசையில் சுழல்கிறது. முன்பின் நகர ஒரு மோட்டர், சாய்வதற்கு ஒன்று, உயர்த்துவதற்கு ஒன்று அல்லது இரண்டு. ஆக ஒரு சீட்டுக்குள் மூன்று, நான்கு மோட்டர்கள் வரை இருக்கலாம்.

முதலில் எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள்

இதுதான் முதற் பரிசோதனை. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. நான் செய்யத் தவறியதும் இதைத்தான்.

நமது வியாபாரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். வாழைச்சேனைப் பக்கத்தில் இருந்து வழமையாக வரும் நான்கு வாடிக்கையாளரில் ஒருவர் வரவில்லை என்றால் அது அவருடைய பிரச்சினை. நான்கு பேருமே ஒரே நாளில் வரவில்லை என்றால் நாம் என்ன நினைப்போம்? வெள்ளம் வீதியை மறித்திருக்கிறது என்று நினைப்போம் அல்லவா? சீட்டும் அப்படித்தான்.

நகர்தல், சாய்தல், உயர்தல் எல்லாமே ஒரே நேரத்தில் நின்று போனால் மோட்டரைச் சந்தேகிக்காதீர்கள். நான்கு மோட்டரும் ஒரே நாளில் பழுதாவது நடக்காத காரியம். எல்லாவற்றுக்கும் பொதுவான பியூஸ், மின்சாரம் வரும் வயர், எர்த் ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

மற்றவை வேலை செய்து ஒன்று மட்டும் நின்றால், அந்த மோட்டர், அதற்குரிய சுவிட்ச், அதன் வயர் அல்லது ரெயில்.

ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் போகவில்லை என்றால் மோட்டர் பெரும்பாலும் நல்லது. ஏனென்றால் இரண்டு பக்கமும் சுழல்வது அதே மோட்டர்தான். சுவிட்சின் உள்ளே ஒரு தொடுமுனை கருகியிருக்கலாம், அல்லது ரெயிலில் ஏதாவது தடுக்கலாம்.

இரண்டாவது பரிசோதனையும் இலவசம். இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கூரையில் உள்ள லைட்டைப் போட்டுக் கொண்டு சீட் பொத்தானை அழுத்துங்கள். லைட் சற்று மங்கினால், மோட்டருக்கு மின்சாரம் போகிறது, அது தள்ளப் பார்க்கிறது, ஆனால் முடியவில்லை என்று அர்த்தம். எங்கோ சிக்கியிருக்கிறது. லைட் கொஞ்சமும் மங்காவிட்டால் மின்சாரமே போகவில்லை. இப்போது வந்துள்ள எல்.ஈ.டி. லைட்டுகளில் இந்த மங்கல் அவ்வளவாகத் தெரியாது. அந்த வாகனங்களில் காதைக் கொடுத்து மோட்டரின் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

பெட்டரியும் பியூஸும்

எஞ்சின் நின்று சில மணித்தியாலங்கள் கழித்து அளந்தால் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே என்றால் அது ஏறக்குறைய வெறுமையாகி விட்டது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பெட்டரி பலவீனமான வாகனத்தில் சீட்டைப் பரிசோதிப்பது, தராசைச் சரி பார்க்காமல் சரக்கை நிறுப்பது போன்றது.

பியூஸ் பெட்டிகள் டாஷ்போர்டுக்கு அடியிலும் எஞ்சின் பக்கத்திலும் இருக்கும். மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று எழுதியிருக்கும். ஜப்பானின் உள்ளூர்ப் பாவனைக்கென்று செய்யப்பட்ட வாகனங்களில் அது ஜப்பான் மொழியில் இருப்பதுண்டு. அப்போது நிறத்தைப் பாருங்கள். தகட்டுப் பியூஸில் சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. சீட்டுக்கு அநேகமாகப் பெரிய அளவு பியூஸ்தான் இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் மீற்றரையும் வைத்துப் பாருங்கள்.

புதிய பியூஸும் உடனே எரிந்தால், எங்கோ வயர் உராய்ந்து இரும்பில் தொடுகிறது என்று பொருள். சீட் முன்பின் போகும்போது அடியில் உள்ள வயர் ரெயிலில் நசுங்குவது சாதாரணம். "30 எரிகிறது, 40 போடுவோம்" என்றோ, சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவோம் என்றோ யாராவது சொன்னால் வாகனத்தை எடுத்துக் கொண்டு திரும்பி வந்து விடுங்கள். பியூஸ் எரிவது வயர் எரியாமல் இருப்பதற்காகத்தான். பியூஸைப் பெருப்பித்தால் அடுத்ததாக எரிவது நீங்கள் இருக்கும் சீட்டுக்கு அடியில் உள்ள கார்ப்பெட்.

எர்த்: நமது ஊரின் தனிப் பிரச்சினை

நாம் வாழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஏறாவூர்ப் பக்கத்தில் இருந்து கல்முனைப் பக்கம் வரை ஒரு புறம் மட்டக்களப்பு வாவி, மறு புறம் வங்கக் கடல். இடையில் ஒரு மணல் நாடாவில்தான் நமது ஊர்களும் கடைகளும் வாகனங்களும் இருக்கின்றன. வாவித் தண்ணீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு. மலைநாட்டில் ஓடும் வாகனத்தை விட நமது வாகனத்தில் துரு விரைவாக வரும். போதாததற்கு மீன், இறால், கருவாடு என்று நாமும் உப்பை ஏற்றுகிறோம்.

துருவேறிய எர்த் நம்மை ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. மோட்டர் சுழலாத நிலையில் மீற்றரை வைத்தால் 12 வோல்ட் என்றே காட்டும். ஏனென்றால் மீற்றருக்குத் தேவையான மின்சாரம் மிகச் சொற்பம், அது துருவுக்குள்ளாலும் வந்துவிடும். மோட்டருக்கோ பல அம்பியர் வேண்டும். துரு அதை விடாது. ஓராள் நடக்கத் தாங்கும் பலகையில் லொறி ஏற முடியாது அல்லவா? ஆகவே பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொண்டுதான் அளக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனையைச் சீட்டின் எர்த் வயரிலும் மறு முனையைப் பெட்டரியின் மைனஸிலும் வைத்து, ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். எர்த் நல்லதென்றால் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டும். பல வோல்ட் காட்டினால் குற்றவாளி அகப்பட்டு விட்டார். என் வாகனத்தில் ஏறக்குறையப் பெட்டரி அளவே காட்டியது.

சீட்டுக்கு அடியில் உள்ள வயர் சொக்கெட்டுகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் அதுவும் இதே நோய்தான்.

மோட்டரும் ரெயிலும்

பொத்தானை அழுத்தும்போது மோட்டரின் சொக்கெட் வரை முழு 12 வோல்ட்டும் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, சிக்கலும் இல்லாமல் மோட்டர் சுழலாவிட்டால் மட்டும்தான் மோட்டர் பழுது என்று சொல்லலாம். அப்போதும் அதைக் கழற்றி நேரடியாகப் பெட்டரியில் கொடுத்துப் பார்த்த பிறகே புதிதுக்குச் சல்லி கொடுங்கள்.

மோட்டர் உறுமும் சத்தம் கேட்கிறது, சீட் நகரவில்லை என்றால் மின்சாரத்தில் குறையில்லை. மோட்டருக்கும் ரெயிலுக்கும் இடையிலுள்ள பல்லுச் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது சுழற்சியைக் கொண்டு செல்லும் கேபிள் அறுந்திருக்கலாம். இதற்கு மோட்டரை மாற்றிப் பிரயோசனமில்லை.

கொஞ்சம் நகர்ந்து ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் டோர்ச் அடித்து ரெயிலைப் பாருங்கள். சில்லறைக் காசு, பேனா, போத்தல் மூடி, பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று எதுவும் இருக்கும். பார்க்கும்போது கையை ரெயிலுக்குள் விட்டபடி பொத்தானை அழுத்தவே கூடாது. இன்னொன்று, கடற்கரை மணல். பழைய கிரீஸுடன் மணல் சேர்ந்தால் அது அரக்கடதாசி போல் ரெயிலைத் தேய்க்கும். பழைய கிரீஸை முற்றாகத் துடைத்து எடுத்த பிறகே புதியது பூச வேண்டும். மேலால் பூசினால் மணலுக்குச் சாப்பாடு போட்டது போலத்தான்.

நாம் கை வைக்கக் கூடாத இடங்கள்

அநேகமான புதிய வாகனங்களின் சீட்டுக்குள் எயார் பேக் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறச் சொக்கெட் தெரிந்தால் அது பெரும்பாலும் எயார் பேக்குக்குரியது. அதில் மீற்றரோ பல்போ வைக்கவே கூடாது. சீட்டைக் கழற்றுவதென்றால், திறப்பை எடுத்து, பெட்டரியின் மைனஸைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்துத்தான் தொட வேண்டும். ஹைபிரிட் வாகனத்தில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்சாரம் கொண்டவை. அவற்றின் பக்கமே போகக் கூடாது. சீட் ஓடுவது ஹைபிரிட் பெட்டரியில் அல்ல, தனியாக உள்ள 12 வோல்ட் பெட்டரியில்தான். பழைய நிலையை ஞாபகம் வைக்கும் சீட்டுகளில் கம்பியூட்டர் ஒன்றும் இருக்கும். அவற்றுக்கு ஸ்கேன் கருவி தேவைப்படலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கால் பிரேக்குக்கு முழுமையாக எட்டாத வாகனத்தை ஓட்டாதீர்கள். உயரமான ஒருவரைக் கொண்டு ஓட்டிச் சென்று கராஜில் கொடுங்கள். தலையணை தீர்வு அல்ல என்பதற்கு நானே சாட்சி.

பாவித்த வாகனம் வாங்குவோருக்கு

தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், நம்மில் பெரும்பாலானோருக்குக் கைக்கு எட்டுவது பாவித்த வாகனம்தான். 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் வெள்ளம் நமது மாகாணத்தை என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீரில் நின்ற வாகனமும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும்.

ஆகவே வாங்கும்போது சீட்டின் எல்லாப் பொத்தானையும் இரண்டு பக்கமும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். சீட்டை முன்னுக்குக் கொண்டு வந்து பின் போல்ட்டுகளையும், பின்னுக்குத் தள்ளி முன் போல்ட்டுகளையும் பாருங்கள். உள்ளே இருக்கும் போல்ட்டில் செம்மையாகத் துரு இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருந்தால் அது பேசும். விற்பவராக இருந்தால் சீட் ஓடாததை மறைக்காமல் சொல்லி விலையைக் குறையுங்கள். குறையை மறைத்து விற்ற சாமானில் பரக்கத் இல்லை என்பது நமக்குத் தெரியாததா?

இறுதியாக ஒன்று. அந்த இளைஞருக்கு நான் கொடுத்த 2,500 ரூபாவில் சாமானின் விலை நூறு ரூபா கூட வராது. மிகுதி அவர் தேடிய அந்த அரை மணித்தியாலத்துக்கு. முன்பென்றால், "ஒரு வயரைப் பூட்ட இவ்வளவா?" என்று பேரம் பேசியிருப்பேன். சாமானுக்குக் கேட்ட விலையைக் கொடுப்போம், பழுதைக் கண்டுபிடிப்பவரின் கூலியைக் குறைப்போம். அதனால்தான் தேடிப் பார்ப்பதைவிட மாற்றிப் பார்ப்பதே இலாபம் என்று சில கராஜ்களும் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தைப் பழக்கியது நாம்தான்.

இனி வாகனம் பழுதானால் கராஜில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தம்பி, எதையும் மாற்ற வேண்டாம். என்ன பழுது என்று மட்டும் முதலில் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அதற்கே கூலி தருகிறேன்." அந்தக் கூலி வீணான செலவல்ல. என் அலுமாரியில் ஒரு நல்ல சீட் மோட்டர் சும்மா கிடக்கிறது. அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.